மல்லாட்டைச் சட்டியில் வறுபட்ட மலை

மகளே சரோஜா,

இங்கே எல்லோரும் நலம் என்று பொய்யாக ஆரம்பிக்க எனக்கு மனமில்லை. இங்கே எல்லோரும் கோபமாக இருக்கிறோம். உன் அம்மாவுக்கு என்மேல் கோபம். எனக்கு வல்லத்து அத்தைமேல் கோபம். வல்லத்து அத்தைக்கு மண்ணின்மேல் கோபம். உன் சின்னம்மாவுக்கு எங்கள் எல்லோர்மேலும், அடுப்பின்மேலும், கட்டுத்தறியில் நிற்கிற மாட்டின்மேலும் கோபம். விழுப்புரத்தில் தாய்மாமன் வீட்டில், கல்யாணப் பெண்ணுக்குப் போடுகிற விருந்தில் வடை பாயசத்தோடு உட்கார்ந்திருக்கிற நீ ஒருத்திதான் யார்மேலும் கோபமில்லாமல் ஒரு கார்டு போட்டிருக்கிறாய். "மண் போனால் போகட்டும் சித்தப்பா. நான் படிப்பை நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் கல்யாண வேலையைப் பாருங்கள்." அவ்வளவுதான். தபால்காரர் எதிரிலேயே நின்று படித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னா மாமா, கெட்ட சேதியா?" என்றார். "ஆமாம்பா, எங்க வூட்ல ஒரு ஆளு தோத்துப் போயிட்டுது" என்றேன். அவர் யாரோ எலக்ஷனில் நின்றதாக நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

தோற்றுப்போக உன்னை நான் வளர்க்கவில்லை. உன் அப்பா, என் அண்ணன், கண்ணை மூடியபோது உனக்குப் பால்பல்கூட விழவில்லை. அன்றிலிருந்து உனக்கு அப்பனும் நான்தான், சித்தப்பனும் நான்தான். அந்த அதிகாரத்தில் எழுதுகிறேன். மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை கல்வராயன் மலைக்காட்டு மண்ணை எடுத்து, அதற்குள் குடியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஜனங்கள் எப்படி மாறுகிறார்கள் என்று பார்ப்பதுதானே உன் படிப்பு? மழைக்கு முந்தைய மண் போய்விட்டது. திரும்ப எடுக்க வேண்டுமானால் மலைமேல் மழை விழுவதற்குள் எடுக்கவேண்டும். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த வருஷம் அந்தக் காலேஜில் உனக்கு இடமில்லை. இங்கேயோ நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை நம் வாசலில் பந்தக்கால் நடவேண்டும் என்கிறார்கள். கால் நட்டுவிட்டால், தாலி ஏறுகிற வரைக்கும் கல்யாணப் பெண் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ஆகவே நாளைக்கு நீ மலைக்குப் போனால் மண் கிடைக்கும், வீட்டுக்கு வந்தால் பந்தக்கால் கிடைக்கும். வீட்டுக்குத்தான் வருகிறாய் என்று உன் கார்டு சொல்கிறது. வராதே என்று நான் எழுதுகிறேன்.

மண் எப்படிப் போயிற்று என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்கமாட்டார்கள். உன் அம்மா "வீணாகிவிட்டது" என்று ஒரு வார்த்தை எழுதியிருப்பார்கள். நான் சொல்கிறேன், கேள். நீ விருந்துக்குப் போன மறுநாள் நான் திண்டிவனம் மண்டிக்கு, பட்டணத்தில் நீ வேர்க்கடலை என்கிற நம் மல்லாட்டை மூட்டைகளோடு போயிருந்தேன். நான் உள்ளே நுழைந்ததும் மண்டியே எழுந்து நின்றது. அது வேறு கதை. இங்கே வல்லத்து அத்தை அதிரசத்துக்கு மாவு இடிக்க ஒத்தாசையாக வந்திருக்கிறாள். உனக்கு மாமியாராகப் போகிறவள் என்றாலும், உன் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் பெண்டாட்டிதானே, நம் வீட்டு அடுப்படியில் அவளுக்கு எது எங்கே என்று எல்லாம் தெரியும். வெல்லப் பானையைத் தேடி இருட்டறைக்குள் போனவள், ஈரச் சாக்குக்கு அடியில் வரிசையாகக் கிடந்த உன் துணிப்பைகளைப் பார்த்துவிட்டாள். உன் அம்மா மண் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். பெண்ணைப் பெற்ற பெருமை விடுமா? "அது எங்க சரோஜா மலைமேலேர்ந்து புடிச்சாந்த கிருமிங்க அண்ணி. ஒவ்வொரு பையிலயும் கோடி கோடியா கீதாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

"கிருமியா? கல்யாண வூட்லயா?" என்று அத்தை கேட்டாளாம்.  புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மணலைக் கொட்டி மல்லாட்டை வறுப்போமே, அந்தப் பெரிய இரும்புச் சட்டியை எடுத்தாள். மணலைக் கீழே கொட்டினாள். உன் மலையை மேலே போட்டாள். கோடை வெயிலில், விறகடுப்பின் முன்னால், சாப்பிடக்கூட எழுந்திருக்காமல், ஒரு பைக்குப் பிறகு இன்னொரு பையாக வறுத்திருக்கிறாள். நீ ஒன்றோடொன்று கலக்கக்கூடாது என்று சீட்டு கட்டி வைத்திருந்தாய் அல்லவா, அதை மதித்து ஒன்றைக்கூட அவள் கலக்கவில்லை. ஒவ்வொன்றையும் தனியாக வறுத்து, ஆறவைத்து, அதே பையில் போட்டு, அதே சீட்டைக் கட்டி, கழுத்தில் மஞ்சள் வேறு தடவியிருக்கிறாள். இவ்வளவு நேர்த்தியாக ஒரு மலையை யாரும் கொன்றிருக்கமாட்டார்கள். நான் வீட்டுக்குள் நுழைகிறேன், காடு பற்றி எரிந்த மாதிரி ஒரு வாடை. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "ஒண்ணுகூட உசுரோட இல்லண்ணா. இனிமே பயமில்லாம தூங்குங்க."

அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிக் கத்துவது, சொல்? என் தொண்டை தெரியும் உனக்கு. கிளியனூரில் நின்று கூப்பிட்டால் திண்டிவனத்தில் ரயில் நிற்கும். அன்றைக்கு அந்தத் தொண்டையால், "கொஞ்சம் மோர் குடி தங்கச்சி" என்றுதான் சொன்னேன். அத்தையின் சின்னப் பெண் குளத்துத் தண்ணீரைக் குடித்து ஜுரம் கண்டு போய்ச் சேர்ந்தாளே, அப்போது டாக்டர் சொன்ன ஒரே சொல் கிருமி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தண்ணீரை மூன்று கொதி விடாமல் யாரும் வாயில் வைத்ததில்லை. உன்மேல் இருக்கிற ஆசையில்தான் வறுத்தாள். அதற்காக அவள் செய்தது சரி என்று ஆகிவிடாது. ஆசையாகச் செய்தாலும் வறுத்தது வறுத்ததுதான். இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள் மகளே, இனிமேல் உனக்கு இது அடிக்கடி வரும். உன்மேல் பிரியமாக இருக்கிறவர்கள்தான் உன் வேலையில் கைவைப்பார்கள். பிரியமில்லாதவனுக்கு உன் இருட்டறையில் என்ன வேலை?

உன் மூன்று வரியில் "மண் போனால் போகட்டும்" என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? நீயும் நானும் அந்த மலையில் ஏறியதை மறந்துவிட்டாயா? அதுவரைக்கும் பனமலைக் கோயில் குன்றைத்தான் மலை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். கல்வராயன் மலையில் பாதி தூரம் ஏறியதும் என் வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீ ஆட்டுக்குட்டி மாதிரி முன்னால் போய்க்கொண்டிருந்தாய். அப்போதுதான் அந்தக் கரடி வந்தது. நாய் என்று நீ இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். மண்ணுக்குள் தலையை விட்டிருந்தவள் நீ, அதன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தவன் நான். நான் முறைத்தேன், அதுவும் முறைத்தது, கடைசியில் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. அந்தச் சமயத்தில் முட்டி பிசகியதுதான், இன்னும் வீக்கம் வற்றவில்லை. முட்டி மட்டும் நேராக இருந்தால் இந்தக் கடிதத்துக்குப் பதிலாக நானே வந்து நின்றிருப்பேன்.

கரடியை விடு. நீ குனிந்து சருகை விலக்கினாய், கரண்டியை ஸ்பிரிட் விளக்குத் தீயில் காட்டி ஆறவிட்டாய், ஒரு கரண்டி மண்ணை எடுத்துப் பையில் போட்டாய். ஒத்தாசை செய்வோம் என்று அடுத்த கரண்டியை என் துண்டால் துடைத்துக் கொடுத்தேன். "ஐயோ சித்தப்பா! உங்க துண்டுல இருக்கற ஊரே இப்ப இதுல ஏறிக்கினு இருக்கும்!" என்று கத்தினாய். அப்புறம் சிரித்துவிட்டுச் சொன்னாய்: "இந்தக் கடுக்கா மரத்தடியில இருக்கறவங்க வேற, அதோ அந்த மூங்கிப் புதர்ல இருக்கறவங்க வேற. அடிவாரத்துல வேலமரத்துக்கிட்ட இருக்கறவங்க மேல வந்தா பொழைக்கமாட்டாங்க." நான் கேட்டேன், பத்தடி தூரத்துக்குள் என்ன வேறு ஜனம் என்று. சருகைத் தின்று மண்ணாக்குகிறவர்கள் சிலர், காற்றிலிருந்து உரத்தைப் பிடித்து வேருக்குக் கொடுக்கிறவர்கள் சிலர், பக்கத்து வீட்டுக்காரனைக் கொல்ல விஷம் காய்ச்சுகிறவர்கள் சிலர், தண்ணீர் இல்லாத காலத்தில் கவசம் பூட்டிக்கொண்டு தூங்குகிறவர்கள் சிலர் என்று அடுக்கினாய். மலை இவ்வளவு மரத்தைத் தாங்கி நிற்பது பாறையால் இல்லை, இவர்களால் என்றாய். அதற்குமேல் நான் சேர்த்துக்கொண்டதும் கொஞ்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அவர்களுக்குள் ஒரு முன்சீப்பும் கர்ணமும் இருப்பதாகவும், மேட்டுத்தெருக்காரர்களுக்கும் பள்ளத்தெருக்காரர்களுக்கும் வாய்க்கால் தகராறு நடப்பதாகவும், மழை வந்தால்தான் ராசியாவார்கள் என்றும் திண்டிவனம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தன்கூட எழுந்து போகவில்லை. டீ ஆறிப்போகிறது, கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீ எழுதி வைத்தால் இத்தனை பேர் கேட்பார்களா?

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாத ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன். போன வருஷம் உன் காலேஜுக்கு நான் வந்தேன் அல்லவா? சாயங்காலத்தில் உன் புரொபசரம்மாவுக்கு நான் குட்மார்னிங் சொன்னதற்கு நீ வெட்கப்பட்டாய். அந்தம்மா வெட்கப்படவில்லை, அவர்களும் குட்மார்னிங் என்றார்கள். பெரிய மனுஷி. பிறகு நீ உன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடித் தட்டுகளைக் காட்டினாய். கூழ் மாதிரி எதையோ ஊற்றி உறையவைத்து, அதன்மேல் மண் கரைத்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு மூடி வைத்தால், சில நாளில் ஒவ்வொரு உயிரும் பெருகி ஒரு புள்ளியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. மஞ்சளாக, ரோசாவாக, சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளையாக. ஒரு தட்டின் மூடியை நீ லேசாகத் தூக்கினாய். சரோஜா, பட்டணத்துப் பங்குனி வெயிலில், நாலு சுவருக்குள்ளே, முதல் மழை விழுந்த வாசனை வந்தது.

"யாரு ஊத்துன அத்தரு இது?" என்று கேட்டேன்.

"இந்த வெள்ளைப் புள்ளிங்கதான் சித்தப்பா. மழை வந்தா மண்ணு மணக்குதுன்னு சொல்றோமில்ல, அது இவங்க வாசனை. உங்க நெஞ்சுக்குப் போட்டாங்களே ஊசி, அதுவும் இவங்க பங்காளி வூட்லேர்ந்து வந்ததுதான்."

 அப்போது டீ குடிக்கலாம் வா என்று பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது பேசுகிறேன். உன் அப்பா இருமி இருமி ரத்தமாகத் துப்பினபோது நம் கையில் இருந்தது தூதுவளைக் கஷாயமும் கோழிக்குஞ்சு சூப்பும்தான். அண்ணனின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அண்ணன் போன பிறகு அதே இருமல் எனக்கு வந்தது. ஊரில் எனக்கும் குழிக்கு இடம் பார்த்துவிட்டார்கள். நான் எமனோடு மூன்று நாள் மல்யுத்தம் செய்து ஜெயித்ததாக உனக்குச் சின்ன வயசில் சொல்லியிருக்கிறேன், நீயும் நம்பினாய். மல்யுத்தம் செய்தது நானில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் அந்த ஊசி அப்போதுதான் வந்திருந்தது. ஸ்ட்ரெப்டோ என்று ஆரம்பிக்கும், முழுப் பெயர் இன்றுவரை என் வாயில் நுழைந்ததில்லை. இரண்டு பக்கமும் குத்திக் குத்தி உட்கார முடியாமல் செய்துவிட்டார்கள். ஆனால் இருமல் நின்றது. எங்கேயோ ஒரு தேசத்தில், யாரோ ஒருத்தர், மண்ணைப் பையில் போட்டு எடுத்துவந்து, கண்ணாடித் தட்டில் விட்டு, ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மண்ணையும் எவளாவது ஒரு மகராசி கல்யாண வீடு என்று வறுத்திருந்தால், அந்த ஆள் போனால் போகட்டும் என்று கார்டு போட்டிருந்தால், உனக்கு அப்பனும் இல்லை, சித்தப்பனும் இல்லை.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். காலையில் அத்தை மாப்பிள்ளையோடு வந்தாள். உன் கார்டு விஷயம் உன் அம்மா மூலம் அதற்குள் வல்லத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வந்து உட்கார்ந்ததும், "மண்ணு கதையெல்லாம் முடிஞ்சிபோச்சில்லண்ணா? பொண்ணே வுட்டுட்டேன்னு எழுதிட்டுதாமே. வெள்ளிக்கெழம காலைல ஜல்தியா கால நட்டுரலாம்" என்றாள்.

"நடலாம் தங்கச்சி. அதுக்கு முன்னாடி பொண்ணு இன்னொரு தபா மலைக்குப் போய்க்கினு வந்துரும்."

"என்னாத்துக்கு?"

"நீ வறுத்ததுக்கு."

உன் அம்மா கதவு மறைவிலிருந்து, "தம்பி, வாய மூடிக்கினு சும்மா இருங்க. பொண்ணு வாழ்க்கை" என்றார்கள். நான் எப்போது வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்? அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "கிருமி என்னா பண்ணும்னு எனக்குத் தெரியும்ணா. பெத்த பொண்ண குடுத்துட்டு நிக்கறவ நான்" என்றாள்.  அந்தச் சொல்லுக்கு எதிராக எதைச் சொன்னாலும் பாவம்தான். ஆனாலும் சொன்னேன். "எனக்கும் தெரியும் தங்கச்சி. கூடப்பொறந்தவன குடுத்துட்டு நிக்கறவன் நான். கிருமியால செத்தவனுக்குத் தம்பி. ஆனா கிருமியால பொழைச்சவனும் நாந்தான். ஊசி போட்ட தழும்பு ரெண்டு பக்கமும் கீது, காட்டட்டுமா?" என்று வேட்டியில் கைவைத்தேன். "ஐயோ, வேணாம்ணா!" என்று திரும்பிக்கொண்டாள். உன் சின்னம்மா உள்ளே சிரித்தது எனக்குக் கேட்டது.

ஆனால் அத்தை லேசுப்பட்டவளா? தண்ணீர்ச் சொம்பை நகர்த்திவிட்டு எழுந்தாள். "நல்ல கிருமியோ கெட்ட கிருமியோ, எனக்கு அந்தப் பேஜாரே வேணாம். என் வூட்டுக்கு வர்ற பொண்ணு மண்ணு மூட்டையோட வரக்கூடாது. வெள்ளிக்கெழம பொண்ணு இந்த வூட்ல இருக்கணும். இல்லன்னா நீங்க வேற எடம் பாத்துக்கங்க" என்றாள். மகளே, நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். எதையும் யோசித்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, இதை யோசித்தேன். உன் அம்மாவின் மூச்சு கதவுக்குப் பின்னால் கேட்டது. "மூட்டை வரக்கூடாதுன்னா பொண்ணும் வராது தங்கச்சி. முகூர்த்தம் ஆனியிலயும் வரும். இந்த வருசத்துக் காஞ்ச மண்ணு ஆனியில வராது" என்றேன். அவள் காபியைத் தொடவில்லை. செஞ்சி பஸ்ஸைப் பிடிக்க விறுவிறு என்று நடந்துவிட்டாள். ஆகவே இந்தச் சம்பந்தம் நிற்கலாம், முறியலாம். உனக்குச் சர்க்கரை தடவிச் சொல்லமாட்டேன். முறிந்தால் ஊர் பேசும். பேசட்டும், நான் ஊரைவிட அதிகமாகப் பேசுவேன்.

மாப்பிள்ளை மட்டும் கொஞ்சம் பின்தங்கினார். செருப்பை மாட்டுகிற சாக்கில் என் பக்கம் குனிந்தார். "மாமா, அம்மா சொல்றது சொல்றதுதான். ஆனா மழை வர்றதுக்குள்ள போய்ட்டு வந்துரச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"யாருகிட்ட சொல்லக்கூடாது மாப்ளே? உங்க அம்மாகிட்டயா, சரோஜாகிட்டயா?"

மாட்டிய செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டினார். "ரெண்டு பேருகிட்டயும்" என்றார்.

சொல்லாதே என்றால் நான் சொல்லாமல் இருப்பேனா? சொல்லிவிட்டேன். அவரிடம் இருக்கிற தைரியம் உன் தட்டில் முதல் நாள் தெரிகிற புள்ளி அளவுதான். அது பெருகுமா, அப்படியே வாடிப்போகுமா என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்லுகிற படிப்பு உன்னுடையது. அவசரப்படாமல் பார். பெருகுகிற ஜாதி என்று தோன்றினால் ஆனியில் நானே வல்லத்துக்குப் போய் அத்தை காலில் விழுகிறேன். விழுவதிலும் இந்தத் தாலுகாவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தோன்றாவிட்டால் விடு.

இன்னொன்று. உனக்கு நிஜமாகவே மண் சலித்துப்போய்விட்டது, குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது, தட்டையும் புள்ளியையும் கண்டாலே வெறுப்பாக இருக்கிறது என்றால், விட்டுவிடு. அப்படி எழுதியிருந்தால் நான் சண்டை போட்டிருக்கமாட்டேன். உன் கார்டில் அப்படி ஒரு எழுத்தும் இல்லை. சித்தப்பாவுக்குக் கஷ்டம், அம்மாவுக்குக் கஷ்டம், அத்தைக்குக் கஷ்டம் என்ற பயம்தான் மூன்று வரியிலும் இருக்கிறது. எங்கள் கஷ்டத்தை எங்களிடம் விடு. உன் அம்மா இரண்டு நாள் அழுவார்கள், மூன்றாவது நாள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், அதோடு சரியாகிவிடும். அத்தையின் பயத்தை நீ சுமந்தால் அவளுக்கு ஒரு இம்மிகூடக் குறையப்போவதில்லை. இரண்டு பேர் பயந்துகொண்டிருப்பீர்கள், அவ்வளவுதான். அந்த வறுத்த மண்ணைக்கூடக் கொட்டிவிடாதே. தீயில் போட்டாலும் கவசக்காரர்கள் சிலர் பிழைத்துக்கிடப்பார்கள் என்று நீதானே சொன்னாய்? மலையில் காட்டுத்தீ வந்தால் யார் மிஞ்சுகிறார்கள் என்று அதில் பார்க்கலாமே. இது எனக்கே தோன்றியது. அந்தக்காலத்து ஐந்தாம் வகுப்பு சும்மாவா? புரொபசரம்மாவிடம் யோசனை என்னுடையது என்று மறக்காமல் சொல்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. தபால் வந்து சேருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். இதை உன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவள் உன் சின்னம்மா. ஏன் வந்தாள் என்று அவளைக் கேட்காதே, எனக்கும் தெரியாது. நேற்று அத்தை போனதும், பெட்டியிலிருந்து தன் பழைய வெள்ளைப் புடவையை எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்து, பை தைத்து, அண்டாவில் போட்டுக் கொதிக்கவைக்க ஆரம்பித்தாள். "என்னாடி பண்றே?" என்றேன். "அந்தப் பொண்ணு பைய வேகவெச்சிதான் எடுத்துக்கினு போவும், எனக்குத் தெரியாதா? நீங்க முட்டிய வெச்சிக்கினு இங்கியே கெடங்க. நான் போறேன் கூட" என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து விழுப்புரத்துக்கு மேற்கே அடி வைத்தவளில்லை. பஸ்ஸில் ஏறினாலே அவளுக்குக் குமட்டும், எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடு. மலைமேல் போன தடவை நமக்குத் தின்னக் கொடுத்த அந்தக் கவுண்டர் வீட்டம்மாவிடமே தங்குங்கள். கடுக்காய் மரத்தடியில் கரண்டியைத் தீயில் காட்டும்போது இவள் துண்டால் துடைக்கமாட்டாள், என்னைவிடக் கெட்டிக்காரி.

கள்ளக்குறிச்சி பஸ் விழுப்புரத்தில் ஸ்டேஷன் பக்கம் நிற்கும். மாமன் தடுத்தால் என் பெயரைச் சொல்லிவிட்டு நட. நீ மண்ணோடு இறங்கி வருகிற வரைக்கும் நம் வாசலில் ஒரு காலும் நடமாட்டேன். யாராவது குழி தோண்ட வந்தால் குழிக்குள் நானே உட்கார்ந்துகொள்வேன். நான் சொன்னதையெல்லாம் மீறி, சித்தப்பா பாவம் என்று இரக்கப்பட்டு, சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில் ஏறி வந்தாயானால், கதவைச் சாத்திவிடுவேன். அவளையும் சேர்த்து வெளியே நிற்கவைப்பேன்.

மேற்கே போ.

உன் சித்தப்பன்